பிள்ளைக்கு வாசிக்க வரலையா? 48,000 ரூபாய் புரோகிராம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



எங்க மண்ணூர் ஆபீஸுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனிகள்ல ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க. ஃபார்ம் 16 கொண்டு வருவாங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்ணுவாங்க, டீ குடிச்சிட்டுக் கிளம்புவாங்க. போன ஜூலை மாசம் வந்த ஒருத்தர் ஃபார்ம் 16-க்கு அடியில இன்னொரு பேப்பரையும் வச்சிருந்தார். "சார், இது 80சி-ல வருமா?"ன்னு கேட்டார்.

வாங்கிப் பார்த்தா அது ஃபீஸ் ரசீது இல்ல, கடன் ஒப்பந்தம்.

அவரோட பையன் மூணாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். "பையனுக்கு வாசிக்கவே வரல"ன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாள்ல ஒரு சேல்ஸ் ஆள் வீட்டுக்கே வந்திருக்கார். டேப்லெட்டோட சேர்த்து 2 வருஷ ஹோம் லேர்னிங் புரோகிராம், 48,000 ரூபாய். "நோ காஸ்ட் இஎம்ஐ சார், மாசம் 2,000தான், 24 மாசம்." பிராசஸிங் ஃபீஸ் 1,500, ஜிஎஸ்டி சேர்த்து 1,770. அண்ணாவோட சம்பளம் மாசம் 27,000. யோசிக்கணும்னு சொன்னதுக்கு, "பிள்ளை எதிர்காலத்துல போய் கணக்குப் பார்க்கலாமா சார்?"னு கேட்டிருக்கார் அந்த ஆள். அந்தக் கேள்விக்கு எந்த அப்பாவால பதில் சொல்ல முடியும்?

நான் கணக்குப் பார்க்கிறவன். அதனால பார்த்தேன். மூணு மாசத்துல பையன் அந்த ஆப்பைப் பயன்படுத்தினது 11 மணி நேரம்னு அதோட ரிப்போர்ட்டே சொல்லுது. அதுவரைக்கும் கட்டினது 6,000 + 1,770 = 7,770 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 706 ரூபாய். பையனுக்கு இன்னும் வாசிக்க வரல. யாராவது புத்தகத்தை நீட்டினா "பாத்ரூம் போகணும்"னு எழுந்து போயிடுறானாம்.

இந்தப் பதிவு அந்த மாதிரி நிலைமையில இருக்கிற எல்லாருக்கும். நான் டீச்சர் இல்ல. ஆனா எந்தப் பொருளை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு பிரிச்சுப் பார்க்கிறது என் தொழில். வாசிப்பு புரோகிராமும் ஒரு பொருள்தான்.

ஸ்கூலை நிறுத்தணுமா?

ஹோம்ஸ்கூல் புரோகிராம்னு தேடினா ரெண்டு விதமான ஆட்கள் இருக்காங்க. ஒண்ணு, பிள்ளையை ஸ்கூல்ல இருந்து எடுத்துட்டு வீட்டுலயே படிக்க வைக்கிறவங்க. இன்னொண்ணு, ஸ்கூலும் போகட்டும், வாசிப்பை மட்டும் வீட்டுல சரி பண்ணலாம்னு நினைக்கிறவங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டாவது கதைதான்.

முழுசா வெளியே எடுக்க நினைச்சா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. ஆர்டிஇ 25 சதவீத இடத்துல சேர்ந்த பிள்ளைன்னா, வெளியே எடுத்ததும் அந்த இலவச சீட்டும் போயிடும். வீட்டுலயே படிக்கிறவங்களுக்கு என்ஐஓஎஸ்-னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு. 14 வயசு ஆனதும் அதுல பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். ஆனா வாசிக்க வரலைங்கிற ஒரே காரணத்துக்காக ஸ்கூலை நிறுத்த வேண்டிய அவசியம் இல்ல. தினமும் 20 நிமிஷம் ஒதுக்கினா போதும்.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி 10 நிமிஷ டெஸ்ட்

முதல்ல கண்ணையும் காதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. போர்டு தெரியாத பிள்ளைக்கு எந்த ஆப்பும் உதவாது.

அடுத்தது, பிள்ளை எந்தப் படியில நிக்குதுன்னு கண்டுபிடிங்க. இதுக்கு 'அசர்' டெஸ்ட் இருக்கு. பிரதம்ங்கிற தொண்டு நிறுவனம் 2005-ல இருந்து நாடு முழுக்க கிராமங்கள்ல வீடு வீடாப் போய் நடத்துற டெஸ்ட் இது. தமிழ்லயும் இருக்கு, இணையத்துல இலவசம். மொத்தமே நாலு படிதான்: எழுத்து, சொல், ஒண்ணாம் வகுப்பு அளவுக்கு ஒரு சின்னப் பத்தி, ரெண்டாம் வகுப்பு அளவுக்கு ஒரு கதை. பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. வாசிச்சா கதைக்குப் போங்க. வரலைன்னா சொல்லுக்கு இறங்குங்க. அஞ்சு சொல்லுல நாலு சரியா வந்தா சொல் படி பாஸ். அதுவும் வரலைன்னா எழுத்து.

உங்க பிள்ளை மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. 2024 அசர் அறிக்கைப்படி, இந்திய கிராமங்கள்ல மூணாம் வகுப்புப் பிள்ளைகள்ல ரெண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிஞ்சவங்க 27.1 சதவீதம். 2022-ல 20.5 சதவீதம். நாலுல மூணு பேருக்கு வரலைன்னா அது பிள்ளையோட சோம்பேறித்தனம் இல்ல.

எங்க ஆபீஸ் டேபிள்லயே அந்தப் பையனுக்கு இந்த டெஸ்ட் வச்சோம். தமிழ்ல எழுத்து தெரியுது, சொல் அஞ்சுல ரெண்டு வந்துச்சு. இங்கிலீஷ்ல 26 எழுத்தோட பேரும் தெரியுது, ஒரு சொல்லும் வரல. ஆனா அந்த டேப்லெட்ல அவனுக்கு ஓடிக்கிட்டு இருந்தது மூணாம் வகுப்பு சயின்ஸ் அனிமேஷன். அவன் நிக்கிற படிக்கும் 48,000 ரூபாய் பொருளுக்கும் சம்பந்தமே இல்ல.

வாசிப்பு எப்படித்தான் வருது?

அமெரிக்காவுல 2000-ஆம் வருஷம் நேஷனல் ரீடிங் பேனல்னு ஒரு குழு, அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகளை அலசி அறிக்கை கொடுத்துச்சு. அதுல அஞ்சு விஷயம்: சொல்லுக்குள்ள இருக்கிற ஒலிகளைப் பிரிச்சுக் கேட்கிறது, எந்த எழுத்துக்கு எந்த ஒலின்னு தெரியறது, தடுமாறாம சரளமா வாசிக்கிறது, சொல் வளம், புரிஞ்சுக்கிறது. திணறுற பிள்ளைகள்ல பலர் முதல் ரெண்டுலயே நின்னு போயிருப்பாங்க.

இங்கிலீஷ்ல எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44. அதனால எழுத்தோட பேரை மனப்பாடம் பண்ணினா வாசிப்பு வராது, ஒலியைச் சொல்லித் தரணும். இதுக்குப் பேர்தான் ஃபோனிக்ஸ். நிறைய ஸ்கூல்கள்ல பார்க்கிற ஜாலி ஃபோனிக்ஸ் 42 ஒலிகளைச் சொல்லித் தருது. அதுல முதல்ல வர்ற எழுத்துகள் எஸ், ஏ, டி, ஐ, பி, என். ஏபிசிடி வரிசை இல்லை பாருங்க. இந்த ஆறு தெரிஞ்சாலே பின், டின்னு பிள்ளை முதல் வாரமே சொற்களைச் சேர்த்து வாசிக்க ஆரம்பிச்சிடும்.

தமிழ் இன்னும் சுலபம். 247 எழுத்துன்னு சொல்லிப் பயமுறுத்துறோம். உண்மையில 12 உயிர், 18 மெய், ஒரு டஜன் குறிகள் தெரிஞ்சா மீதி எல்லாம் சேர்க்கைதான். பிள்ளைகள் தடுமாறுற இடங்களும் தெரிஞ்சதுதான். கெ, கே, கை-ல குறி முன்னாடி வருது, ஒலி பின்னாடி வருது. கொ, கோ-ல ரெண்டு பக்கமும் குறி. கு, சு, டு, து-ன்னு உகர வரிசையில எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுது. கடல், தங்கம், அகல் மூணுலயும் ஒரே 'க', ஆனா ஒலி வேற. இந்த இடங்களைத் தனித்தனியா எடுத்துப் பழக்கினா போதும்.

இங்கதான் அந்த வீட்டுல பெரிய திருப்பம். பையனோட அம்மா பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். "எனக்கு இங்கிலீஷ் வராது சார், நான் எப்படி சொல்லித் தர்றது? அதனாலதான் டேப்லெட் வாங்கினோம்"னு சொன்னாங்க. பையன் பேசுறது தமிழ். சொற்கள் எல்லாம் அவனுக்கு ஏற்கனவே தெரியும், எழுத்தைச் சேர்க்கிறது மட்டும்தான் பாக்கி. அதனால முதல்ல தமிழ்ல வாசிக்க வைக்கலாம்னு முடிவு பண்ணினோம். எழுத்தை ஒலியாக்கிச் சேர்த்தா சொல் வரும்ங்கிறது ஒரு மொழியில பிடிபட்டா, அடுத்த மொழிக்கும் அது உதவும். அந்த வீட்டுக்குத் தேவையான டீச்சர் வீட்டுலயே இருந்தாங்க.

எந்தப் புரோகிராமா இருந்தாலும் இந்த 6 கேள்வி

1. பணம் வாங்கிறதுக்கு முன்னாடி பிள்ளையோட படியைச் சோதிச்சுப் பார்க்குதா? வயசையும் வகுப்பையும் மட்டும் கேட்டா வேண்டாம்.

2. ஒலியைப் படிப்படியா, வரிசையா சொல்லித் தருதா? படத்தைப் பார்த்து சொல்லை யூகிக்கிற மாதிரி இருந்தா அது வாசிப்பு இல்ல.

3. சொல்லிக் கொடுத்த எழுத்துகளை மட்டுமே வச்சு எழுதின சின்னப் புத்தகங்கள் இருக்கா?

4. பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்போது ஒரு மனுஷர் பக்கத்துல இருந்து கேட்டுத் திருத்துறாங்களா? வீடியோ பார்க்கிறது வாசிக்கிறது ஆகாது.

5. அப்பா, அம்மாவுக்கான வழிமுறை அவங்களுக்குப் புரியற மொழியில இருக்கா? நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவராலயும் செய்ய முடியுமா?

6. மாசா மாசம் கட்டி, வேண்டாம்னா நிறுத்த முடியுமா?

ஆறாவது கேள்விக்கு "2 வருஷம் மொத்தமாத்தான்"னு பதில் வந்தா, மற்ற அஞ்சுக்கும் நல்ல பதில் வந்தாலும் எழுந்து வந்துடுங்க. விலையை வருஷக் கணக்குல பார்க்காதீங்க. பிள்ளை உண்மையில வாசிச்ச ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க.

கடன் பேப்பரை எப்படிப் படிக்கணும்?

"இஎம்ஐ"ன்னு சொன்னாலே அது கடன். கொடுக்கிறது புரோகிராம் கம்பெனி இல்ல, பின்னாடி இருக்கிற ஒரு பேங்க் அல்லது என்பிஎஃப்சி. கடன் உங்க பேர்ல, உங்க பான் நம்பர்ல. அதனால கிளாஸை நிறுத்தினாலும் கடன் நிற்காது. ஆட்டோ டெபிட்டை மட்டும் கேன்சல் பண்ணினா இஎம்ஐ பவுன்ஸ் ஆகும், அபராதம் வரும், சிபில் ஸ்கோர் விழும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனா அங்க வந்து நிக்கும்.

கையெழுத்துக்கு முன்னாடி கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் கேளுங்க. டிஜிட்டல் கடன்னா அதைக் கொடுத்தே ஆகணும்னு ஆர்பிஐ விதி. வருஷத்துக்கு உண்மையான வட்டி எவ்வளவு, என்னென்ன கட்டணம், கூலிங் ஆஃப் காலம் எத்தனை நாள்னு அதுல இருக்கும். அந்தக் காலத்துக்குள்ள வேண்டாம்னு முடிவு பண்ணினா, அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிட்டு, முன்கூட்டியே முடிக்கிறதுக்கான அபராதம் இல்லாம வெளியே வரலாம். நம்ம அண்ணா வந்தப்ப மூணு மாசம் முடிஞ்சிருச்சு. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், 15 நாள் தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாங்க.

2021 டிசம்பர்லயே மத்திய கல்வி அமைச்சகம், எட்டெக் கம்பெனிகள் விஷயத்துல பெற்றோர் கவனமா இருக்கணும், ஆட்டோ டெபிட்டைத் தவிர்க்கணும்னு அறிவுரை வெளியிட்டுச்சு. ஏமாந்துட்டோம்னு தோணினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடன் கொடுத்தவங்க மேல புகார்னா முதல்ல அவங்களுக்கே எழுத்துல கொடுங்க. பதில் இல்லைன்னா ஆர்பிஐ-யோட 14448-ல வழி கேளுங்க.

வரி மிச்சம் ஆகுமா?

அண்ணா கேட்ட கேள்விக்கு வருவோம். 80சி-ல வர்றது, இந்தியாவுல இருக்கிற பள்ளி, கல்லூரி மாதிரி நிறுவனத்துல முழுநேரப் படிப்புக்குக் கட்டுற டியூஷன் ஃபீஸ் மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில, ரெண்டு பிள்ளைகளுக்கு, மொத்த 1.5 லட்ச வரம்புக்குள்ள. ஆப், டேப்லெட், ஹோம் புரோகிராம், தனி டியூஷன் எதுவும் வராது.

அதைவிட முக்கியம்: மாசம் 27,000-ன்னா வருஷம் 3,24,000. இந்தச் சம்பளத்துக்குப் பழைய முறை, புது முறை எதுலயும் வரியே இல்ல. இல்லாத வரியை எப்படி மிச்சப்படுத்துறது? "டேக்ஸ் பெனிஃபிட் இருக்கு சார்"னு யாராவது சொன்னா சிரிச்சிட்டு அனுப்பிடுங்க. (2026 ஏப்ரல் 1-ல இருந்து அமலாகிற புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் வேற. இங்க இருக்கிறது 1961 சட்டத்தோட எண்கள்.)

இலவசமா கிடைக்கிறது இளக்காரம் இல்ல

கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்குச்சு. அந்தத் தெருவுலயே இருக்கிற தன்னார்வலர், சாயங்காலம் ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம், மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அவ்வளவுதான் முதலீடு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு மூணு பொருளாதார அறிஞர்கள் ஊரகத் தமிழ்நாட்டுல ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துல, இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருந்துச்சு. அந்த மீட்புல 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்கிட்டாங்க. டேப்லெட் இல்ல, அனிமேஷன் இல்ல. பக்கத்துல ஒரு அக்கா, தினமும் குறிப்பிட்ட நேரம்.

உங்க தெருவுல மையம் இருக்கான்னு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்கிட்ட கேளுங்க. புத்தகத்துக்கு ரெண்டு வழி. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைப் புத்தகங்கள் நிலை வாரியா இருக்கு, இலவசமா டவுன்லோட் பண்ணலாம். பள்ளிக் கல்வித் துறை 2023-ல ஆரம்பிச்ச வாசிப்பு இயக்கத்தோட குட்டிப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற-ன்னு நாலு நிலையில இருக்கு. எழுத்து கூட்டுற பிள்ளைக்கு 'நுழை'யில ஆரம்பிங்க, வகுப்பைப் பார்க்காதீங்க.

12 வாரத் திட்டம்

அந்த வீட்டுக்கு நாங்க போட்டது இதுதான். வாரத்துக்கு 6 நாள், தினமும் 20 நிமிஷம். முதல் 5 நிமிஷம் பழைய எழுத்துகள். அடுத்த 5 நிமிஷம் ஒரே ஒரு புதுக் குறி. அடுத்த 5 நிமிஷம் அந்தக் குறி வர்ற பத்துச் சொல், சிலேட்டுல. கடைசி 5 நிமிஷம் அம்மா ஒரு கதையை வாசிச்சுக் காட்டணும், பையன் கேட்டா போதும். தப்பா வாசிச்சா திட்டக் கூடாது, சரியானதைச் சொல்லிட்டுத் திரும்ப வாசிக்க வைக்கணும். 4 வாரத்துக்கு ஒரு தடவை அதே அசர் டெஸ்ட், தேதி போட்டு நோட்டுல எழுதணும்.

20 நிமிஷம் × 6 நாள் × 12 வாரம் = 24 மணி நேரம். சிலேட்டு, நோட்டு, பிரின்ட் எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. ஒரு மணி நேரத்துக்கு 21 ரூபாய். இது இலவசம்னு சொல்ல மாட்டேன். அந்த அம்மாவோட 24 மணி நேரம் இருக்கு, அதுதான் உண்மையான முதலீடு.

எப்போ ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகணும்?

இப்படி ஒழுங்கா 12 வாரம் செஞ்சும் அதே படியில நின்னா, அல்லது மற்றதுல கெட்டிக்காரனா இருந்தும் எழுத்துல மட்டும் திணறினா, டிஸ்லெக்சியாவான்னு பார்க்கணும். சென்னை தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கு. முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிப்மெட் நிறுவனம் இருக்கு. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சேர்ந்திருக்கு. சர்டிபிகேட் 8 வயசுக்கு மேலதான் தருவாங்க, 14-லயும் 18-லயும் புதுப்பிக்கணும். ஆனா உதவியை 8 வயசு வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. சர்டிபிகேட் இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் மாதிரி சலுகைகள் உண்டு. சிபிஎஸ்இ-ல ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல்.

ஒரு எச்சரிக்கை. 80டிடி பிரிவு 1995 வருஷச் சட்டத்தோட விளக்கத்தைக் காட்டுது, கற்றல் குறைபாடு வந்தது 2016 சட்டத்துல. அதனால கையில சர்டிபிகேட் இருக்குன்னு நீங்களா 75,000 கழிக்காதீங்க, ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

அந்தப் பையன் இப்போ

அக்டோபர்ல மூணு பேரும் வந்தாங்க. அசர் பேப்பரை நீட்டினேன். பையன் பாத்ரூம் போகணும்னு சொல்லல. விரலை வச்சு, ஒவ்வொரு சொல்லா, தமிழ்ப் பத்தியை முழுசா வாசிச்சான். ரெண்டு இடத்துல நின்னான், அவனே திருத்திக்கிட்டான். இங்கிலீஷ் இன்னும் வரல. பி, டி எழுத்துகளை இப்பவும் மாத்தி மாத்தி வாசிக்கிறான். எட்டு வயசு முடிஞ்சிருச்சு, ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்னு சொன்னேன்.

அண்ணா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "லீவு போட்டுப் போகணும், தேவைப்பட்டா ஸ்பெஷல் டீச்சர் ஃபீஸ் வேற. அந்த ரெண்டாயிரம் இப்போ கையில இருந்தா நல்லா இருந்திருக்கும் சார்"ன்னார். இஎம்ஐ இன்னும் 18 மாசம் பாக்கி.

நான் சொல்ல வந்ததும் இதுதான் நண்பர்களே. பிள்ளைக்குச் செலவு பண்ண வேண்டாம்னு சொல்லல. உண்மையிலேயே தேவைப்படுற செலவு பின்னாடி வரலாம், அதுக்குப் பணம் கையில இருக்கணும். முதல்ல டெஸ்ட், அப்புறம் 12 வாரம், கடைசியாத்தான் பர்ஸ்.

அசர் டெஸ்ட்டை வீட்டுல எப்படி வைக்கிறதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா செஞ்சு காட்டுறேன். அதுவரைக்கும் இன்னைக்கு ராத்திரி 20 நிமிஷம் ஒதுக்கி, பிள்ளை பக்கத்துல உட்காருங்க.